சரவணனுக்கு, சருகுகளைப் பற்றி

திருத்தணி,
ஆவணி மாதம்

அன்புள்ள சரவணா,

உன் அம்மா நேற்று ராத்திரி போன் பண்ணி அழாத குறையாகப் பேசினாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். உன்னோடு படிக்கிற பையனுக்கு முதுமலை யானைகள் கிடைத்துவிட்டன, இன்னொரு பெண்ணுக்கு இருவாச்சி கிடைத்துவிட்டது, உனக்கு மட்டும் பேராசிரியர் சருகுக்குள் வாழும் சிற்றுண்ணிகளைக் கொடுத்துவிட்டார் என்று மனசு விட்டுப்போய், படிப்பையே நிறுத்திவிடலாமா என்கிறாயாம். போனில் பேசினால் பாதியிலேயே "சரி சித்தி, சரி சித்தி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி. அதற்கு முன்னால் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

இங்கே எல்லோரும் சுகம். ஆடிக் கிருத்திகை முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. இந்த வருஷமும் தெப்பம் பார்த்தே தீருவேன் என்று தாத்தா பிடிவாதம் பிடித்தார். சித்தப்பாதான் கைத்தாங்கலாகச் சரவணப் பொய்கை வரை கூட்டிப்போய் வந்தார். திரும்பி வரும்போது நல்ல மழை. மறுநாள் காலையில் நம் வாசல் புங்கமரத்தடி முழுக்க இலை. பெருக்கிக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம்தான் வந்தது.

மூன்றாம் வகுப்பில் நீ அந்த மரத்து இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தாயே, நினைவிருக்கிறதா? இலை பூராவும் சின்னச் சின்ன விரல் மாதிரி முடிச்சுகள். "சித்தி, மரத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்று சொல்லி, பாட்டியிடம் வேப்பிலை வாங்கிப் புங்கமரத்து அடியில் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாய். தெருவே வந்து பார்த்தது. அந்த முடிச்சுகளைக் கட்டியது ஒரு சிற்றுண்ணிதான். அசேரியா பொங்காமியே என்று பெயர். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளம் இருக்காது, புழு வடிவம், முன்பக்கத்தில் மட்டும் இரண்டு ஜோடிக் கால். இலை குருத்தாக இருக்கும்போதே அது வாய் வைத்துவிடும். அந்த இடத்தில் இலைச் செல்கள் தாறுமாறாகப் பெருகி, உள்ளே கூடான முடிச்சாக எழும்பும். அதற்குள்தான் அதன் குடும்பம் முழுவதும். நீ வேப்பிலை கட்டிய மரம் இன்றைக்கும் அதே முடிச்சுகளோடு, ஒரு குறையும் இல்லாமல் நிழல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அந்தப் புங்கத்து உண்ணிக்குப் புங்கம்தான் வேண்டும். பக்கத்தில் நிற்கும் வேம்பை அது தொடாது. இலந்தைத் தண்டில் முடிச்சுப் போடுவது இன்னொரு இனம். வன்னி மரத்தில் போடுவது வேறொன்று. மாம்பூக் கொத்து விரியாமல் திரண்டு நிற்குமே, அந்தப் பேச்சில் அடிபடும் மொட்டு உண்ணி வேறு. பாட்டி உயிராய் வளர்த்த குண்டுமல்லியில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் வெல்வெட் படர்ந்து மொட்டு சிறுத்துப் போனதே, அதற்குக் காரணமானது மல்லிகைக்கென்றே இருக்கிற ஒன்று. எரியோபைட் என்று பெயர் கொண்ட இந்த உண்ணிக் குடும்பங்களில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு செடியையோ மரத்தையோ நம்பி வாழ்பவை. அப்படியென்றால் ஒரு காட்டில் எத்தனை வகை மரம், கொடி, புதர் இருக்கிறதோ, அவற்றின் பின்னாலேயே அத்தனை வகை உண்ணிகள் வரிசை கட்டி நிற்கும். நம் மலைச்சரிவில் உசிலை இருக்கிறது, வெப்பாலை இருக்கிறது, ஆயா, நுணா, புங்கம் எல்லாம் இருக்கிறது. யானை ஒன்றுதான்டா. எண்ணி முடித்துவிடலாம்.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் மட்டும் பார்த்த வேலை என்று நினைத்துவிடாதே. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்த மோகனசுந்தரம் தமிழ்நாட்டுச் செடிகளின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே எத்தனையோ புது எரியோபைட் இனங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்கு முன்னால் பெங்களூரில் சன்னபசவண்ணா. மல்லிகையின் அந்த வெல்வெட் உண்ணிக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். தஞ்சாவூரில் பிறந்த எம். எஸ். மணி இந்தியாவின் இலைமுடிச்சுகளுக்கென்றே 1973-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் எஸ். கே. குப்தா 1985-ல் செடிகளில் வாழும் உண்ணிகளுக்குக் கையேடு எழுதினார். இவர்கள் புத்தகமெல்லாம் உன் கல்லூரி நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். போய் எடு. யார் கையும் படாமல் இருந்தால் உனக்கு இன்னும் நல்லது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

ஏற்காட்டுக்குப் போனோமே, நீ பத்தாவது முடித்த லீவில். காப்பித் தோட்டத்தில் ஒரு இலையைத் திருப்பி, நடுநரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலையில் பார் என்று உன் கையில் லென்ஸைக் கொடுத்தேன். நீ அப்போது செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போதாவது பார். அந்த மூலையில் குட்டிக் குழி இருக்கும். பல மரங்களில் குழிக்குப் பதிலாக மயிர்க்கற்றை இருக்கும். 1887-லேயே லுண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரர் இதைக் கவனித்து, இவை உண்ணிகளுக்காக இலை கட்டிவைத்த வீடுகள் என்று எழுதினார். ரொம்ப நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நூறு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் ஓடவுட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஒவ்வொரு இலையாகத் திறந்து பார்த்தால், அந்த வீடுகளில் குடியிருப்பது பெரும்பாலும் மரத்துக்கு நல்லது செய்கிற உண்ணிகள். ஒரு கூட்டம் இலையின் மேல் படரும் பூஞ்சையை மேய்கிறது. இன்னொரு கூட்டம் இலைச்சாறு உறிஞ்சும் உண்ணிகளை வேட்டையாடுகிறது. பகலில் வெயிலுக்கு ஒதுங்க, முட்டை வைக்க, தோலுரிக்க மரம் இடம் கொடுக்கிறது.

நியூயார்க் மாநிலத்தில் காட்டுத் திராட்சைக் கொடியில் சோதனையே செய்து பார்த்தார்கள். இலையில் அந்தக் குட்டி வீடுகள் அடைக்கப்பட்ட கொடியில் சாம்பல் நோய் கூடிற்று. வீடும் உண்ணியும் இருந்த கொடியில் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் சுமார் 4 கோடி ஆண்டுக்கு முந்தைய இலைப் புதைபடிவத்தில்கூட இந்த வீடுகளையும் அவற்றோடு உண்ணிகளையும் கண்டிருக்கிறார்கள். நாம் மனிதர்களாக ஆவதற்கு முன்பே மரமும் உண்ணியும் பேசி முடித்துக்கொண்ட ஏற்பாடு இது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன், பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. நுணாவும் காப்பியின் குடும்பம்தான். நம் மலைக்குப் போகும்போது அதன் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். சருகு.

உனக்குக் கொடுத்திருப்பது ஒரிபாட்டிட் உண்ணிகள் என்று அம்மா எழுதிவைத்துப் படித்துச் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரவணா, அவைதான் காட்டின் சமையலறையில் வேலை செய்பவர்கள். உருவத்தில் கசகசாவில் பாதிகூட இல்லை. பழுப்பாய், கறுப்பாய், ஓடு பளபளக்கும். சில இனங்களுக்குத் தோளில் இறக்கை மாதிரி இரண்டு தகடு இருக்கும். பறக்க அல்ல, யாராவது கடிக்க வந்தால் கால்களை அதற்கடியில் இழுத்துக்கொள்ள. இன்னும் சில, தலைப்பகுதியை மடக்கி உடம்போடு பொருத்தி, கால் கை எதுவும் வெளியே தெரியாமல் பெட்டியாக மூடிக்கொள்ளும். அந்தப் பெட்டி உண்ணிகளின் குஞ்சுகள் விழுந்த இலையின் காம்புக்குள்ளும் சுள்ளிக்குள்ளும் சுரங்கம் தோண்டித் தின்றுகொண்டே வளரும். மேலே பார்த்தால் காம்பு முழுசாக இருக்கும், உள்ளே வெறும் எச்சத்தூள். அந்தத் தூளில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்கின்றன. இலை மண்ணாவது இப்படித்தான்.

உலகத்தில் பெயர் வைத்த சிற்றுண்ணிகள் 50,000-க்கும் மேல். ஒரிபாட்டிட் மட்டும் 10,000-த்தைத் தாண்டும். பெயர் வைக்காதவை அதைப்போல் எத்தனையோ மடங்கு என்று இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மிதவெப்ப நாடுகளின் அகன்ற இலைக் காடுகளில் ஒரு சதுர மீட்டர் சருகையும் மேல்மண்ணையும் எடுத்தால் எல்லா வகை உண்ணியும் சேர்ந்து பல்லாயிரம், சில இடங்களில் லட்சத்துக்கும் மேல். நம்மைப் போன்ற வெயில் பூமியில் எண்ணிக்கை குறையும், ஆனால் வகைக்குப் பஞ்சமில்லை. நியூயார்க் மாநிலத்தில் சுமார் 38 கோடி ஆண்டுப் பழைய பாறையில் ஒரிபாட்டிட் கிடைத்திருக்கிறது. பூக்கும் மரம் என்று ஒன்றே பிறக்காத காலம் அது. உன் நண்பனுடைய யானைக்கு அந்தக் காலத்தில் கொள்ளுப்பாட்டிகூடக் கிடையாது.

உன் பேராசிரியர் உன்னைத் தண்டிக்க இதைக் கொடுத்தார் என்று நினைக்கிறாய். ஒரு நல்ல கேள்வியை உன் கையில் கொடுத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. 1975-ல் ஆண்டர்சன் என்ற ஆங்கிலேயர் கேட்டார்: ஒரு பிடி சருகில் இத்தனை இனங்கள், எல்லாமே ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைத் தின்கின்றன, பிறகு எப்படி ஒன்றையொன்று விரட்டாமல் சேர்ந்து வாழ்கின்றன? இன்றைக்கும் இதற்கு முழுப் பதில் வரவில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மலைக்காட்டில் ரேண்டி ஹான்சன் என்பவர் ஒரு நல்ல வேலை செய்தார். மேப்பிள், ஓக், பிர்ச் ஆகிய மரங்களின் சருகைத் தனித்தனியாகவும், கலந்தும் தரையில் பரப்பித் தொடர்ந்து கவனித்தார். கலந்த சருகில்தான் ஒரிபாட்டிட் வகைகள் கூடுதலாக நிலைத்தன. ஒரே மரத்து இலை விழும் இடத்தில் குறைந்தன. ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு வேகத்தில் மக்குகிறது. ஒன்று சுருண்டு இடைவெளி விடுகிறது, ஒன்று தட்டையாய் ஒட்டிக்கொள்கிறது, ஒன்றின் காம்பு தடித்துச் சுரங்கம் தோண்ட வாகாக இருக்கிறது. உண்ணிகளுக்கு வேண்டிய அறைகள் அப்படித்தான் உண்டாகின்றன.

இதை நீ நம் ஊரில் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "எங்க ஊர்ல என்ன காடு இருக்கு, முள்ளும் பாறையும்தான்" என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரிபாட்டிட் வேலையும் கேரளத்திலும் வங்காளத்திலும்தான் நிறைய நடந்தது. கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் ஹக் என்பவர் அதற்கென்றே ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். நம்முடையது கிழக்குத் தொடர்ச்சியின் வறண்ட இலையுதிர் காடு. மாசி பங்குனியில் அத்தனை இலையும் கொட்டிவிடும், தரை சலசலக்கும். சித்திரை வெயிலில் மேல் சருகு அப்பளமாய்க் காய்ந்தபிறகு உண்ணிகள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும், மழை விழுந்ததும் மேலே ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை மாசாமாசம் ஒருவன் உட்கார்ந்து எண்ணினால் அது எவ்வளவு பெரிய விஷயம்! சரிவில் கலப்பு மரக்காடு இருக்கிறது. சமவெளிக்கு வந்தால் தைலமரத் தோப்பு இருக்கிறது, ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் இருக்கிறது. மூன்றிலும் ஒரே அளவு சருகு எடுத்து ஒப்பிடு. ஹான்சன் அங்கே கேட்ட கேள்வியை நீ இங்கே கேள்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பங்குனி சித்திரையில் மலைச்சரிவில் நெருப்பு ஓடுகிறது. யாரோ பீடியைப் போட்டுவிடுகிறார்கள், இல்லை மேய்ச்சலுக்குப் புல் துளிர்க்கட்டும் என்று வைக்கிறார்கள். தெருவிலும் பெருக்கிய இலையையெல்லாம் குவித்துக் கொளுத்துகிறோம். மரம் பிழைத்துக்கொள்ளும். ஒரிபாட்டிட்கள் மெதுவாக வளர்பவை, கொஞ்சமாக முட்டையிடுபவை, நடந்தே போகவேண்டியவை. ஒருதரம் போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும். எரிந்த சரிவிலும் எரியாத சரிவிலும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்துக் காட்டினால்தான் வனத்துறைக்காரர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் வாய் திறந்து பேசமுடியும். நீ அந்த ஆளாக இருந்தால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்.

ஆனி மாசத்தில் முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்பி வருமே, ரத்தச் சிவப்பாய், பட்டுத்துணி வெட்டி ஒட்டினமாதிரி, தம்பலப்பூச்சி. எதிர்வீட்டுத் தெலுங்குப் பாட்டி ஆருத்ர புருகு வந்துவிட்டது, இனி விதைக்கலாம் என்று சொல்வார்கள். சங்கப் பாட்டுகளில் மூதாய் என்று வருவதும் இதுதான். நீ அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தூங்குவாய். அதுவும் சிற்றுண்ணிதான், அந்தக் கூட்டத்திலேயே ராட்சசன். குஞ்சாக இருக்கும்போது ஆறு கால். வெட்டுக்கிளி மேல் ஏறி ஒட்டிக்கொண்டு அதன் உடம்புநீரைக் குடிக்கும். வளர்ந்தபிறகு எட்டுக் கால். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மண்ணுக்குள்ளேயே இருக்கும், பூச்சி முட்டைகளைத் தேடித் தின்னும். சில நாள் மட்டும் மேலே வரும்.

அதன் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது. தாத்தாவுக்கு வந்த காய்ச்சலை நீ மறந்திருக்க மாட்டாய். வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வந்தவர், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் படுத்தார். ஒரு ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள், இன்னொன்றில் வைரல் என்றார்கள். ஊசி மேல் ஊசி. மூச்சு வாங்க ஆரம்பித்தபிறகுதான் ஒரு சின்ன டாக்டர் பெண் வேட்டியைத் தளர்த்திப் பார்த்து, இடுப்பு மடிப்பில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த புண்ணைக் கண்டுபிடித்தது. வலியே இல்லாத புண், அதனால் அவரும் சொல்லவில்லை. ஸ்க்ரப் டைபஸ், நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே அதுதான். டாக்சிசைக்ளின் ஆரம்பித்து இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

அதைக் கொண்டுவருவது லெப்டோட்ராம்பிடியம் என்ற உண்ணியின் ஆறுகால் குஞ்சு. கண்ணுக்கே தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒருதரம்தான் கடிக்கும், பெரும்பாலும் எலியை. நாம் நடுவில் போய் உட்கார்ந்தால் நம்மை. ஓரியென்ஷியா என்ற கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் ஒருதரம் பிடித்த வரப்பும் புதரும் வருஷாவருஷம் காய்ச்சலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, அந்த பயம் வேண்டாம். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் நம் திருவள்ளூரும் இருந்தது, ராணிப்பேட்டை, வேலூரும் இருந்தன. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு 2023-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் வந்தது: நோய் முற்றினவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று.

ஆகவே, சித்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். முழுக்கை சட்டை. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகு. பூச்சிவிரட்டி மருந்தைக் காலிலும் கையிலும் தடவிக்கொள். சட்டையைக் கழற்றிப் புதர்மேல் போடாதே. வெறுந்தரையில் உட்காராதே, சாக்காவது விரித்துக்கொள். சாயங்காலம் வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளி, துணியை அன்றைக்கே சுடுநீரில் ஊறப்போடு. ஐப்பசியிலிருந்து தைவரை இன்னும் ஜாக்கிரதை. மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்து முதல் வாக்கியமாக "காட்டில் சருகு வாருகிற வேலை" என்று சொல். அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் காட்டு. வெட்கப்படாதே.

இன்னொன்று. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சருகைக்கூட எடுக்காதே. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஆந்திரத்தோடு எல்லைக்கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், நாகலாபுரம் மலைகள். மரங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், உண்ணிக்கும் எந்த மாநிலம் என்று தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் செம்மரம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று நம் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் 20 பேர் சுடப்பட்டு இறந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பையும் சல்லடையுமாக ஒரு பையன் தனியாகத் திரிந்தால் யாரும் உண்ணி தேடுகிறான் என்று நினைக்க மாட்டார்கள். ஆந்திரப் பக்கம் போகவே வேண்டாம். நம் பக்கமும் கல்லூரிக் கடிதத்தோடு, வனக்காவலரைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் அந்த வேலையில் இருக்கிறார், பேசிவைத்திருக்கிறார்.

உனக்கு வேலை கிடைக்குமா என்று அம்மாவுக்குப் பயம். அவளிடம் நான் சொல்லிவிட்டேன். 1998-ல் கேரளத்தில் தலைகாட்டிய தென்னை உண்ணி வந்து நம் தோப்புத் தேங்காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்துப்போனபோது, அதைக் கையில் வாங்கிப் பார்த்து இன்னதென்று சொல்ல ஆள் தேடி அலைந்தோமே. உண்ணிகளுக்கென்றே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்தியத் திட்டம் ஒன்று நடக்கிறது. கண்ணாடிக்குடில் காய்கறிக்காரர்கள் வேட்டை உண்ணிகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உண்ணியைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். யானைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நீ நூற்றொன்றாவது ஆளாக இருந்திருப்பாய்.

உன் யானைக்கார நண்பனிடம் ஒன்று சொல். அமெரிக்காவில் ஒரு உண்ணி அந்துப்பூச்சியின் காதுக்குள் குடியேறுகிறது. முதலில் ஏறியது எந்தக் காதோ, பின்னால் வருபவை எல்லாம் அதே காதுக்குத்தான் போகும். அடுத்த காதைத் தொடாது. இரண்டு காதும் கெட்டால் வௌவால் வரும் சத்தம் அந்துப்பூச்சிக்குக் கேட்காது, அதோடு உண்ணிகளும் வௌவால் வயிற்றுக்குள்தான். ஆஷர் டிரீட் என்பவர் இதை வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். யானையில் இப்படி ஒன்று இருந்தால் சொல்லச் சொல்.

சருகிலிருந்து உண்ணியைப் பிரிக்க உன் கல்லூரியில் நல்ல கருவி இருக்கும். இங்கேயும் ஒன்று நானே செய்துவைத்திருக்கிறேன், தீபாவளி லீவு வீணாக வேண்டாம் என்று. 1905-ல் பெர்லேசே என்ற இத்தாலியர் சொன்ன வழியிலிருந்து வந்ததுதான். பெரிய பிளாஸ்டிக் புனல், அதன்மேல் சல்லடை, சல்லடைமேல் சருகு, அதற்கு மேலே பழைய குண்டு பல்பு. எல்.இ.டி. சூடாகாது, அது உதவாது. குண்டு பல்புக்காக பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மேலிருந்து சருகு காயக் காய உள்ளே இருப்பதெல்லாம் ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனல் வழியாக ஆல்கஹால் பாட்டிலில் விழும். அவசரப்பட்டுப் பெரிய பல்பு போடாதே. ஒரிபாட்டிட்கள் மெதுவாக நடப்பவை, வழியிலேயே காய்ந்து செத்துவிடும். மூன்று நாளாவது பொறு. புங்கமரத்தடிச் சருகை வைத்து ஒத்திகை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தாத்தாவுக்குக் காட்டினேன். "இதுவா என்னைக் கடிச்சது?" என்று கேட்டார். இல்லை மாமா, இவை இலை தின்கிற சாதுக்கள் என்று சித்தப்பா சொன்னதும் நிம்மதியாகிவிட்டார். நேற்றும் இன்றும் தானே வந்து "எங்கே, காட்டு" என்கிறார்.

வரும்போது 70 சதவீத ஆல்கஹாலும் லாக்டிக் அமிலமும் கல்லூரியில் கேட்டு வாங்கி வா, இங்கே மருந்துக்கடையில் கிடைக்கவில்லை. கண்ணாடித் தகடும் மெல்லிய மூடியும் ஒரு பெட்டி. எண் 00 தூரிகை ஒன்று, உண்ணியை நகர்த்த. பேராசிரியரிடம் போய், எனக்கு என் ஊர்க் காட்டையே கொடுங்கள் என்று இந்த வாரமே கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாகக் கேட்டதாக இருக்கட்டும். அம்மாவுக்கு இன்றைக்கே போன் செய்து, சாப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். டிக்கெட் போட்டதும் எனக்குத் தெரியப்படுத்து. அரக்கோணத்தில் இறங்கினால் சித்தப்பா வண்டியோடு வந்து நிற்பார்.

அன்புடன்,
சித்தி